மெய்யும் ஆட்டும்: விளையாட்டாய்வின் வரலாறும் ரிங்லெட் தோட்டப்புறமும்

முன்னுரை

தமிழ்த்துறைகளிலும் இந்திய ஆய்வியல் துறைகளிலும் முனைவர் பட்டத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்படும் பொருள்களுள் விளையாட்டு அரிதாகவே இடம்பெறுகிறது. இடம்பெறும்போதும் ‘சங்க இலக்கியத்தில் விளையாட்டு’ என்றோ ‘நாட்டுப்புற விளையாட்டுகள்’ என்றோ பழமையின் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் உள்ளே வருகிறது. இன்றைய பிள்ளைகள் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் ஆட்டங்களை ஆய்வுப்பொருளாக்க விரும்பும் மாணவர் ஒருவர் மூன்று வினாக்களை எதிர்கொள்ள நேரும். அது தமிழா? அது இலக்கியமா? அது ஆய்வா? மூன்றும் புறக்கணிக்கத்தக்க வினாக்கள் அல்ல. ஆயினும் அவற்றுக்கு முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய வினா வேறொன்று உண்டு. ஆடும்போது உடம்பு என்ன செய்கிறது என்பதே அது. இதனைக் கேளாமல் ஏனைய மூன்றுக்கும் தக்க விடை காண இயலாது என்பது நம் கருத்து.

விளையாட்டைப் பற்றிய ஆய்வு தமிழிலும் பிறமொழிகளிலும் எவ்வாறு வளர்ந்தது, அதில் உடம்பு எப்போது இடம்பெற்றது என்பதை வரலாற்று நோக்கில் காண்பதும், அத்தகைய ஆய்வேட்டினைப் பகாங் மாநிலம் கேமரன் மலையின் ரிங்லெட் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு எழுதப் புகின் அஃது எங்கிருந்து தொடங்கலாம் என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம். ரிங்லெட்டைத் தேர்ந்தமைக்கான காரணம் பின்னர் விளங்கும்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. காணொளி விளையாட்டு, நிகழ்பட ஆட்டம், கணினி விளையாட்டு, மின்விளையாட்டு எனப் பல ஆக்கங்கள் வழங்குகின்றன. பிள்ளைகள் இவற்றுள் எதனையும் பயன்படுத்துவதில்லை. ‘கேம்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆசிரியர்களுக்குப் பழக்கமானது என்பதால் ‘காணொளி விளையாட்டு’ என்பதனை இங்கு ஆள்கிறோம். ஆய்வேட்டில் மாணவர் எச்சொல்லை ஆண்டாலும், களத்தில் பிள்ளைகள் சொன்ன சொல்லை அடிக்குறிப்பிலேனும் பதிந்துவைத்தல் வேண்டும்.

மெய்ப்பாட்டியலில் விளையாட்டு

தொல்காப்பியத்தில் விளையாட்டு இரண்டு இடங்களில் பேசப்படுகிறது. உரியியலில் கெடவரல், பண்ணை என்னும் சொற்கள் விளையாட்டுப் பொருளன என்று கூறப்படுகின்றது. அஃது அகராதிச் செய்தி போன்றது. அங்கே நாம் நெடிது நிற்க வேண்டியதில்லை. மற்றோர் இடம் மெய்ப்பாட்டியல். எண்வகை மெய்ப்பாடுகளுள் இறுதியாகிய உவகை தோன்றுவதற்குரிய நிலைக்களன்கள் நான்கு என வகுக்கும் தொல்காப்பியர், செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் வைக்கிறார்.

இவ்வைப்புமுறையின் பொருளை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்ச்சி மெய்யின்கண் வெளிப்பட்டுத் தோன்றுதல். விளையாட்டை ஒழுக்கத்தோடோ பொழுதுபோக்கோடோ சேர்க்காது, மெய்யில் தோன்றும் உவகையோடு சேர்த்திருப்பது, விளையாட்டை அறிய வேண்டுமாயின் ஆடுவோரின் உடம்பைப் பார்க்க வேண்டும் என்ற நோக்கிற்கு இடந்தருகிறது. மேலைநாட்டார் அண்மைக் காலத்தில் ‘உடல்வழிப்பட்ட ஆட்டம்’ என்று பேசத் தொடங்கியுள்ளமைக்கு ஈடாகத் தமிழில் சொல் தேடுவோர் முதலில் புரட்ட வேண்டிய இயல் இதுவே. தொல்காப்பியர் காணொளி விளையாட்டை முன்னறிந்தார் என்று கூறுவது நம் கருத்தன்று. அத்தகைய பெருமைப் பேச்சு தமிழாய்விற்கு நன்மை செய்ததில்லை.

பிற்கால இலக்கியத்தில் இந்நோக்கு மிகத் தெளிவாக அமைந்த இடம் பிள்ளைத்தமிழ். அதன் பருவப் பாகுபாட்டைப் பாட்டியல் இலக்கணமாக மட்டும் கற்பிக்கிறோம். உண்மையில் அது குழந்தையின் உடம்பு ஆடக் கற்றுக்கொள்ளும் வரிசை. ஐந்தாம் திங்களில் ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி அசைவது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் இருகைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. பின்னர் நடந்துவருதல், நிலவை அழைத்தல். அதன்பின் ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும். பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் போன்றவை. உடம்பு எந்த அளவு தேர்ச்சி பெற்றதோ அந்த அளவிற்கு ஆட்டம் என்பதே அதன் அமைப்பு. கருவி பின்னால் வருகிறது. கையும் காலும் முன்னால் வருகின்றன.

சங்கப் பாடல்களில் வரும் ஓரை, வண்டல், பந்து, கழங்கு ஆகியவற்றையும், சிலப்பதிகார வாழ்த்துக் காதையின் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி ஆகியவற்றையும் தொகுத்துக் காட்டிய கட்டுரைகள் பல. அவற்றை இங்கு மீண்டும் அடுக்க வேண்டுவதில்லை.

பாவாணரின் வகைப்பாடு

நூலளவில் விரிந்த தமிழ் விளையாட்டாய்விற்கு அடித்தளமிட்டவருள் முதன்மையாகக் குறிக்கத்தக்கவர் ஞா. தேவநேயப் பாவாணர். அவருடைய ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ 1954-இல் வெளிவந்தது. சொல்லாராய்ச்சியாளராகவே அறியப்பட்ட அவர், தெருவிலும் களத்திலும் பிள்ளைகள் ஆடியவற்றைத் தொகுத்து, ஆண்பாற்குரியன, பெண்பாற்குரியன, இருபாற்குரியன என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் வகைப்படுத்தினார். ஒவ்வோர் ஆட்டிற்கும் ஆடுவோர் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை எனத் தலைப்பிட்டு எழுதிய ஒழுங்கு இன்றும் வியப்பளிப்பது. பிள்ளை விளையாட்டைப் புலமைக்குத் தகாத பொருளாகக் கருதிய காலத்தில் அதற்கென ஒரு நூல் எழுதத் துணிந்தமையே பெருஞ்செயல்.

எனினும் அவர் வகுத்த தலைப்புகளைக் கூர்ந்து நோக்கினால், அவை ஆட்டத்தை மீண்டும் ஆடிக்காட்டப் போதுமானவையாக இருக்கின்றனவே தவிர, ஆடியவரை நமக்குக் காட்டுவனவாக இல்லை என்பது புலனாகும். எத்தனை பேர், எக்கருவி, எவ்விடம், எம்முறை என்பதெல்லாம் உண்டு. கல்லை எறிந்த கை எவ்வளவு உயரம் எறிந்தது, எதைப் பார்த்தது, எப்போது பிழைத்தது என்பது இல்லை. நூலின் பெயரே அதன் எல்லையையும் குறிக்கிறது. கடல்கடந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் எவ்வாறு ஆடினார்கள் என்பது அவ்வெல்லைக்குள் வருவதன்று. பாவாணருக்குப் பின்வந்த தொகுப்புகள் பெரும்பாலும் அவருடைய தலைப்புகளையே பின்பற்றின. பட்டியல் நீண்டது; வினா மாறவில்லை.

எழுத்திலிருந்து விதிக்கு, விதியிலிருந்து உடம்பிற்கு

மேலைநாட்டு ஆய்விலும் உடம்பு காலம் தாழ்ந்தே உள்ளே வந்தது. மானிடவியலார் எட்வர்ட் டைலர் 1879-இல் மெக்சிகோவின் பட்டோலி ஆட்டத்தையும் இந்தியாவின் பச்சீசியையும் ஒப்பிட்டு, ஆசியாவிலிருந்து அமெரிக்கக் கண்டத்திற்குப் பண்பாடு சென்றமைக்கு அஃது ஒரு சான்று என்றார். பலகையும் எண்ணும் ஒத்திருந்தமை அவருக்குப் போதுமானதாயிற்று. தோற்ற ஒப்புமையைக் கொண்டு தொடர்பை நிறுவ முயல்வதன் அபாயத்திற்கு இஃது எடுத்துக்காட்டு. பல்லாங்குழி ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா, இங்கிருந்து சென்றதா என்னும் வாதங்களிலும் இதே அபாயம் உள்ளது.

டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹுய்சிங்கா 1938-இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடென்ஸ்’ என்னும் நூலில், பண்பாடே விளையாட்டின் வடிவில் தோன்றியது என்ற கருத்தை நிலைநாட்ட முயன்றார். பிரெஞ்சு அறிஞர் ரோஜே கையுவா 1958-இல் ஆட்டங்களைப் போட்டி, வாய்ப்பு, பாவனை, தலைச்சுற்று என நான்காகப் பகுத்தார். நான்காவது வகை கவனத்திற்குரியது. ஊஞ்சலில் உந்தி ஆடுவதும் தட்டாமாலை சுற்றுவதும் அதன்பாற்படும். அங்கே விதி ஏதுமில்லை. உடம்பு தடுமாறுவதே ஆட்டம்.

விளையாட்டைப் பற்றி எழுதாமலேயே விளையாட்டாய்விற்கு வழிதிறந்தவர் மார்செல் மோஸ். 1934-இல் ‘உடம்பின் நுட்பங்கள்’ குறித்து அவர் ஆற்றிய உரையில், முதல் உலகப்போரில் தாம் நேரில் கண்ட ஒரு செய்தியைக் கூறுகிறார். ஆங்கிலப் படையினரால் பிரெஞ்சு மண்வெட்டியைக் கொண்டு தோண்ட இயலவில்லை. ஆகவே படைப்பிரிவுகள் இடம் மாறும்போதெல்லாம் பிரிவு ஒன்றுக்கு 8,000 மண்வெட்டிகளை மாற்ற வேண்டியிருந்தது. நடப்பது, நீந்துவது, தோண்டுவது யாவும் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் நுட்பங்களே என்பது அவர் முடிவு. தேயிலைக் கொழுந்து பறித்த கையைப் பற்றிச் சிந்திப்போர் இவ்வுரையை விட்டுவிட முடியாது.

காணொளி விளையாட்டைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகளின் வரலாறு, நம் போன்ற துறைகளுக்கு ஊக்கமளிக்கும் முறையில் இலக்கியத்துறையிலேயே தொடங்குகிறது. ஜெர்மானிய இலக்கியம் பயின்ற மேரி ஆன் பக்கிள்ஸ், ‘அட்வெஞ்சர்’ என்னும் கணினி விளையாட்டை ஆராய்ந்து 1985-இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை அளித்தார். இத்துறையின் முன்னோடி ஆய்வேடாக அது கருதப்படுகிறது. அவர் எடுத்துக்கொண்ட விளையாட்டில் படமே இல்லை. திரையில் வரும் எழுத்தைப் படித்து, விசைப்பலகையில் கட்டளையைத் தட்ட வேண்டும். ஆகவே அதனைக் கதையாகப் படிக்க முடிந்தது. அவ்விளையாட்டை 1970-களின் நடுவில் முதலில் எழுதிய வில் கிரௌதர், கென்டக்கி மாநிலத்துக் குகைகளில் தவழ்ந்தும் ஊர்ந்தும் நில அளவை செய்தவர். எழுத்து மட்டுமே கொண்ட ஆட்டத்தின் அடியிலும் ஒரு மனிதரின் முழங்காலும் முழங்கையும் பட்ட பாடு இருந்தது.

அடுத்த கட்டத்தில் விதி முன்னுக்கு வந்தது. நார்வே நாட்டு எஸ்பென் ஆர்செத், பெர்கன் பல்கலைக்கழகத்தில் தாம் செய்த ஆய்வினை 1997-இல் ‘சைபர்டெக்ஸ்ட்’ என்னும் நூலாக்கினார். 2001-இல் அவர் ஆசிரியராக விளங்கிய ஆய்விதழ் தொடங்கியபோது, கணினி விளையாட்டாய்வின் முதலாம் ஆண்டு இதுவே என்று அறிவித்தார். விளையாட்டைக் கதையாகப் படிப்பதா, விதிகளின் தொகுதியாகப் படிப்பதா என்ற சண்டை அதன்பின் சில ஆண்டுகள் நடந்தது. இப்போது திரும்பிப் பார்க்கையில், இருதரப்பாரும் ஒன்றை மறந்திருந்தனர் என்று தோன்றுகிறது. கதையைக் கேட்பதற்கும் விதியைக் கடைப்பிடிப்பதற்கும் நடுவே விரல் ஒன்று விசையை அழுத்திக்கொண்டிருந்தது.

அவ்விரலை முன்னரே கண்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் சட்னோ, ஜாஸ் இசைக்குப் பியானோ வாசிக்கத் தாம் கற்றுக்கொண்டபோது தம் கைகள் எவ்வாறு மாறின என்பதை 1978-இல் ஒரு நூலாக எழுதினார். 1983-இல் ‘பிரேக்அவுட்’ என்னும் ஆட்டத்தை ஆடக் கற்றுக்கொண்ட அனுபவத்தை மற்றொரு நூலாக்கினார். ஒரு சிறு மட்டையை நகர்த்திப் பந்தைத் திருப்பியனுப்பிச் சுவரை உடைக்கும் எளிய ஆட்டம் அது. அவ்வளவு எளிய ஆட்டத்தைப் பற்றி முழுநூல் எழுத முடிந்ததெனில், அதற்குக் காரணம் ஆட்டமன்று. கண்ணுக்கும் கைக்கும் இடையே நாளுக்கு நாள் நிகழ்ந்த மாற்றத்தை அவர் விடாது பதிந்துவந்தமையே. அந்நூலை அக்காலத்து ஆய்வுலகம் பெரிதாகக் கருதவில்லை. பின்னர் ஆஸ்திரேலியாவின் பிரெண்டன் கியோ, ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்த்தெடுத்து 2018-இல் ‘எ பிளே ஆஃப் பாடீஸ்’ என்ற நூலை வெளியிட்டபோது, விளையாட்டு திரையிலும் இல்லை, ஆடுவோரிடத்தும் தனித்து இல்லை. உடம்பும் கருவியும் சேர்ந்த கூட்டில் அது நிகழ்கிறது என்ற கருத்து உறுதிபெற்றது.

ரிங்லெட்: களமும் கையும்

இனி ரிங்லெட்டிற்கு வருவோம். பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து மலையேறும் பழைய சாலையில், தானா ராத்தாவிற்கு முன்னதாக, கடல்மட்டத்திற்கு 1,100 மீட்டருக்கு மேல் அமைந்த சிற்றூர் இது. வில்லியம் கேமரன் 1885-இல் இம்மலைப்பகுதியை அளந்தார். எனினும், ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1925-இல் வந்து பார்த்த பின்னரே குடியேற்றத்திற்கான முயற்சி வலுப்பெற்றது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களுள் தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கினர். 1963-இல் சுல்தான் அபுபக்கர் அணை கட்டிமுடிக்கப்பட்டு நீர்த்தேக்கம் உருவானபோது ரிங்லெட்டின் தோற்றமே மாறியது.

இவ்வரலாறு பலரும் அறிந்தது. அறியப்படாதது தோட்டத்துப் பிள்ளைகளின் ஆட்ட வரலாறு. தோட்டக் கணக்கேடுகளில் ஆளின் பெயர் உண்டு; வேலைக்கு வந்த நாள் உண்டு; பறித்த கொழுந்தின் எடை உண்டு; கூலி உண்டு. பெரட்டு கலைந்து, கொழுந்து நிறுத்து, லயத்திற்குத் திரும்பிய பின்னர் அவ்வுடம்பு செய்தது எதுவும் ஏட்டில் ஏறவில்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி வேண்டும் என்றது. அதனால் பள்ளியைப் பற்றிய ஆவணம் ஓரளவு கிடைக்கிறது. பள்ளிக்கு வெளியே, ஆயாக்கொட்டகை முற்றத்திலும் கோயில் திடலிலும் நடந்தவற்றுக்கு ஆவணம் ஏது?

நிலத்தின் அமைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சடுகுடுவிற்குச் சமதளம் வேண்டும். கிட்டிப்புள்ளிற்கு நீண்ட வெளி வேண்டும். சரிவுகளே மிக்க தேயிலை மலையில் சமதளம் என்பது பெரட்டுக்களம், பள்ளித்திடல், கோயில் முன்றில் என்று சிலவே. அவையும் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தன என்பது ஆட்டத்தின் வரலாற்றில் அடங்கும். உட்கார்ந்து ஆடுவனவற்றுக்கோ திண்ணையளவு இடம் போதும். ஐந்தாங்கல்லும் பல்லாங்குழியும் மலைச்சரிவிற்கு ஒத்துவரக்கூடியவை.

ஐந்தாங்கல்லைச் சிறிது விரித்துக் காண்போம். ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே வருமுன் தரையில் கிடக்கும் கல்லை வாரி, எறிந்த கல்லையும் பிடிக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பின்னர் இரண்டிரண்டாக, பின்னர் மூன்றும் ஒன்றுமாக, இறுதியில் நான்கையும் ஒருசேர. வாரிய கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆடும் முறையில், மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கி, வாரிய கற்களை உள்ளங்கையில் சிறைவைக்கின்றன. பெருவிரலும் சுட்டுவிரலும் அடுத்த கல்லுக்கு விடுதலையாக இருக்கின்றன. கண் தரையில் இல்லை. மேலே எறிந்த கல்லின்மேல் இருக்கிறது. தரையிலுள்ள கல்லைக் கை தானே அறிந்து எடுக்கிறது.

கொழுந்து பறித்தலும் ஏறக்குறைய இவ்வாறே. இரண்டு இலையும் ஓர் அரும்புமாகப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒடிக்க, ஒடித்த கொழுந்து உள்ளங்கையில் சேர்கிறது. கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் கூடையில் எறியப்படுகிறது. கண் அடுத்த கிளைக்கு முன்னரே சென்றுவிடுகிறது. பல்லாங்குழியில் முத்துகளை அள்ளி உள்ளங்கையில் வைத்து, குழிக்கு ஒன்றாகப் பெருவிரல் தள்ளிவிடுவதும் இதனோடு ஒப்பது. மூன்றிலும் உள்ளங்கை பத்தாயமாகவும் பெருவிரல் அதன் வாயிலாகவும் இயங்குகின்றன. பகலில் கூலிக்காகப் பழகிய கை மாலையில் ஆட்டத்திற்கு உதவியதா, அல்லது சிறுமியாயிருந்தபோது கல்லாடிப் பழகிய கைதான் பின்னர்க் கொழுந்து பறிக்க விரைந்து கற்றதா? டைலரின் எடுத்துக்காட்டை மனத்தில் கொண்டால், ஒப்புமையைக் கண்ட அளவிலேயே தொடர்பை முடிவுசெய்தல் தகாது. ஆனால் இதனைச் சோதித்தறிய முடியும். கொழுந்து பறித்தவரையும் பறிக்காதவரையும் ஆடச்சொல்லிப் படம்பிடித்து, கைகளை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

அதற்கான காலம் குறுகிக்கொண்டு வருகிறது. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் கையால் பறித்தல் அருகி, கத்தரியும் இருவர் பிடிக்கும் இயந்திரமும் வழக்கிற்கு வந்துவிட்டன. தொழிலாளருள் பெரும்பாலோர் இன்று வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பல சிறுநகரங்களுக்கும் மலையடிவாரத்திற்கும் இடம்பெயர்ந்தன. கொழுந்து பறித்த கையும் கல்லாடிய கையும் ஒன்றாக அமைந்தவர்கள் முதியவர்கள். நூலகம் எதிலும் இல்லாத சான்று அவர்களுடைய மணிக்கட்டில் இருக்கிறது.

அவர்களின் பேரப்பிள்ளைகளின் கை வேறுவிதமாகப் பழகியிருக்கிறது. கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து ஆடும்போது உள்ளங்கை எதனையும் சேமிப்பதில்லை, தாங்குபலகையாக நிற்கிறது. இரு பெருவிரல்களும் கண்ணாடியின்மேல் நடக்கின்றன. இடப்பெருவிரல் நடையையும் வலப்பெருவிரல் தாக்குதலையும் மேற்கொள்வது ‘மொபைல் லெஜெண்ட்ஸ்’ போன்ற ஆட்டங்களின் பொதுவான அமைப்பு. பெருவிரல் இன்றும் தலைமை தாங்குகிறது என்பது ஆய்விற்குரிய செய்தி. கழுத்து குனிவதும், மூச்சு அடங்குவதும், தோற்கும்போது உடம்பு முழுவதும் ஒரு பக்கம் சாய்வதும் மெய்ப்பாடுகளே. சடுகுடுவில் மூச்சை அடக்கிப் பாடிச்செல்பவரின் மூச்சும், திரையில் கடைசி எதிரியை நெருங்கும் சிறுவனின் மூச்சும் ஒரே ஆய்வேட்டில் அடுத்தடுத்த இயல்களில் வரலாம். 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடிக்கும் மின்விளையாட்டுகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டதை நோக்க, இவ்வரிசை அவ்வளவு விந்தையானதன்று.

ஆசிரியர்களுக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிற்கு வந்த பின்னர்ப் பாடத்திற்கென்று கைக்கு வந்த கைப்பேசி ஆட்டத்திற்கெனக் கையிலேயே தங்கிவிட்ட துன்பத்தை அவர்கள் வகுப்பறையில் கண்டவர்கள். உலகச் சுகாதார நிறுவனமும் விளையாட்டு அடிமைநிலையை நோய்ப்பட்டியலில் சேர்த்து, அது 2022-இல் நடைமுறைக்கு வந்தது. இக்கவலை மெய்யானது. ஆயினும் தீது என்று முடிவுசெய்த பின்னர் தொடங்கும் ஆய்வு, ஆடும் பிள்ளையை நோயாளியாக மட்டுமே பார்க்கும். கள்ளுக்கடையைப் பற்றி அறிக்கைகள் எழுதியவர்கள் தோட்டத்து மாலைநேரத்தைப் பற்றி வேறொன்றும் எழுதாமற் போனமை நினைவிற்கு வருகிறது.

‘அது தமிழா?’

முதல் வினாவிற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். கனடாவின் டொராண்டோ நகரைச் சார்ந்த விசை கேம்ஸ் குழு 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, 1980-களில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. தாய் கொடுத்த சமையற்குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து, ஆடுபவர் சமைக்க வேண்டும். முதற்சமையல் இட்லி. தட்டுகளை எந்த வரிசையில், எத்திசையில் அடுக்கினால் ஆவி தடையின்றிச் செல்லும் என்பதே அங்கு எழும் சிக்கல். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டிற்கான விருதை இது பெற்றது.

இவ்விளையாட்டைப் புலம்பெயர் இலக்கியமாகப் படிப்பது எளிது, படிக்கவும் வேண்டும். ஆனால் அம்மாவின் கை எழுதிவைக்காத நுட்பம் ஒன்றை, வேறோர் ஊடகம் ஆடுபவரின் விரலுக்குக் கற்றுத்தர முயல்வதே அதன் நடு. இட்லித்தட்டை அடுக்கிப் பழகிய ரிங்லெட் மூதாட்டி ஒருவரும், அடுப்பங்கரைக்குள் நுழையாத அவருடைய பேரனும் இதனை அருகருகே அமர்ந்து ஆடினால், யாருடைய கை முந்தும்? திரையில் இழுப்பதற்குப் பழகிய பெருவிரல் ஒருவருக்கு. ஆவி போகும் வழியறிந்த கை மற்றவருக்கு. ஆய்வேட்டின் ஓர் இயலுக்கு இவ்வொரு சோதனை போதுமானது.

எழுதும் முறை

இத்தகைய ஆய்வேட்டை எழுதுவதில் எழும் பெரிய இடர், உடம்பின் அறிவு வாக்கியத்தில் அடங்காமையே. கல்லாடும் கையை மேலே ஒரு பத்தியில் எழுதினோம். அதனைப் படித்து ஒருவர் ஆடக் கற்றுக்கொள்ள இயலாது. ஆகவே படப்பதிவு பின்னிணைப்பாக ஒதுங்காமல் ஆய்வேட்டின் உறுப்பாக வேண்டும். ஆய்வாளர் தாமே அவ்வாட்டத்தைக் கற்று, சட்னோவைப் போல நாட்குறிப்பு எழுதுதல் வேண்டும். அகவை முதிர்ந்த ஆய்வாளர் பிள்ளையொருவரிடம் பாடம் கேட்க நேரும் என்பதை நெறியாளர் ஏற்றுக்கொள்ள வேண்டும். பள்ளியில் களப்பணி செய்யக் கல்வி அமைச்சின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். அவற்றைப் பெறுவதற்குச் செலவாகும் காலத்தையும் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்வது நன்று.

பழைய ஆட்டங்களே அழியும், புதியன நிலைக்கும் என்ற எண்ணமும் தவறானது. 2009-இல் தோன்றிப் பலகோடிப் பேர் ஆடிய ‘பார்ம்வில்’ என்னும் பயிரிடும் ஆட்டம் 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தப்பட்டது. திரையில் விதைத்து அறுவடை செய்த அவ்வாட்டத்தை, தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் எவ்வுணர்வோடு ஆடினார்கள் என்று கேட்க விரும்பும் ஆய்வாளர் இனி அதனைத் திறந்துகாட்டிக் கேட்க முடியாது. ஐந்து கற்களை எங்கும் பொறுக்கிக்கொள்ளலாம். நிறுவனம் மூடிய ஆட்டத்தைப் பொறுக்கியெடுக்க வழியில்லை. ஆகவே பதிவுசெய்யும் அவசரம் இருபுறத்தும் உள்ளது.

களத்தில் முதலில் கேட்கத்தக்க வினா ஒன்றைக் குறிப்பிட்டு அமைகிறோம். பல்லாங்குழியும் மலாய்ப் பெண்கள் ஆடும் சோங்காக்கும் ஓரினத்தவை. பரவலாக வழங்கும் பல்லாங்குழி முறையில், கையிலுள்ள கடைசி முத்தைப் போட்டதும் அதற்கு அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடர்வர். அடுத்த குழி வெறுமையாயின் அதற்கப்பாலுள்ள குழியின் முத்துகளை எடுப்பர். ஒரு குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் ‘பசு’ என்று அதற்குரியவர் எடுத்துக்கொள்வர். சோங்காக்கில் கடைசி விதை விழுந்த குழியையே அள்ளித் தொடர்வர், பலகையின் இருமுனையிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு, பசு இல்லை. ஐந்தாங்கல்லுக்கும் பத்து செரம்பானுக்கும், கிட்டிப்புள்ளுக்கும் கொண்டா கொண்டிக்கும் இவ்வாறே உறவும் வேற்றுமையும் உண்டு. தமிழ்ப்பெண்ணும் மலாய்ப்பெண்ணும் ஒரே பலகையின் இருபுறமும் அமர்ந்தபோது, கடைசி முத்து விழுந்ததும் கை நின்ற குழியை அள்ளியதா, ஒரு குழி தாண்டிச் சென்றதா? நான்கு முத்துகள் சேர்ந்தபோது பசு என்று குரல் எழுந்ததா? இதனை வாயால் கேட்டால் பலர் நினைவில்லை என்றே சொல்லக்கூடும். பலகையையும் ஒரு கைப்பிடி மஞ்சாடி விதைகளையும் முன்னால் வைத்துவிட்டுக் கேட்பதே முறை.